என்எஃப்டி சந்தையில் பாட் வைத்து ஏலம் கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்எஃப்டி என்பது, ஒரு படம் போன்ற டிஜிட்டல் பொருள் யாருடையது என்று பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் எழுதிவைக்கும் சான்று. அதை வாங்க விலை கேட்கும் வேலையை நமக்காகத் தானே செய்யும் நிரல்தான் பாட். பாட் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ஒரு நிமிடத்துக்கு எத்தனை ஆஃபர் போடலாம்?" என்றுதான். சில ஆண்டுகளாக இவற்றை எழுதி, ஓட்டி, உடைத்துத் திருத்தி வருபவன் என்ற முறையில் நான் திருப்பிக் கேட்பது ஒன்று: "போட்டதை எவ்வளவு நேரத்தில் திரும்ப எடுப்பீர்கள்?" அந்தக் கேள்வி கீழே பல இடங்களில் தலைகாட்டும்.

இது நிஜமாகவே ஏலமா?

பெயர்தான் ஏலம். நேரம் குறித்து, கடைசியில் அதிகம் கேட்டவருக்குப் போகும் விற்பனையும் இந்தச் சந்தைகளில் உண்டு, ஆனால் குறைவு. பாட்கள் அதிகம் புழங்குவது ஆஃபர்களில். பொருள் விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், "இந்த விலைக்குக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன்" என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது. உரிமையாளர் எவரும் எந்த நொடியிலும் "சரி" என்று சொல்லலாம். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தாலும் வியாபாரம் முடிந்துவிடும்.

பாட் செய்வது மூன்று வேலை: சந்தையைப் பார்ப்பது, விலையைக் கணக்கிடுவது, ஆஃபரைப் போடுவது அல்லது எடுப்பது. மூன்றாவதில் உள்ள "எடுப்பது" என்ற பாதியைப் பலர் எழுதுவதே இல்லை.

ஆஃபர் போடும்போது பிளாக்செயினில் என்ன பதிவாகிறது?

எத்தீரியம் என்ற பிளாக்செயினில் ஓடும் சந்தைகளில் பெரும்பாலும் ஒன்றுமே பதிவாகாது. உங்கள் வாலட் (பணத்தின் சாவியை வைத்திருக்கும் செயலி) ஒரு செய்தியில் கையொப்பமிடுகிறது: என்ன வேண்டும், எவ்வளவு தருவேன், எப்போது காலாவதி. அந்தக் கையொப்பம் சந்தையின் சர்வரில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் கேஸ், அதாவது பிளாக்செயினில் பதியக் கட்டும் கட்டணம், கிடையாது. ஆயிரம் ஆஃபர் போட்டாலும் செலவில்லை. விற்பவர் ஏற்கும்போதுதான் அந்தக் கையொப்பம் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்ற, பிளாக்செயினிலேயே ஓடும் நிரலுக்குப் போகும், கேஸையும் அவரே கட்டுவார். ஓபன்சீ என்ற சந்தை 2022-இல் கொண்டுவந்த சீபோர்ட் கான்ட்ராக்ட் இப்படித்தான் வேலை செய்கிறது.

கையெழுத்துப் போட்டு ஊரெல்லாம் கொடுத்து வைத்த காசோலை என்று நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் பணம் இருந்து, தேதி கடக்காமல் இருந்தால் செல்லும்.

பழைய முறை எப்படி இருந்தது என்று பார்க்க 2017-இல் வந்த கிரிப்டோபங்க்ஸ் என்ற என்எஃப்டி தொகுப்பைப் பாருங்கள். அதன் கான்ட்ராக்டுக்குள்ளேயே சந்தை இருக்கிறது. ஆஃபர் போட வேண்டுமென்றால் எத்தீரியத்தின் நாணயமான ஈதரை உள்ளே கட்ட வேண்டும், ஒவ்வொரு முறையும் கேஸ் போகும். வேறொருவர் உங்களை முந்தினால் பணம் உங்கள் பெயரில் ஒதுங்கி நிற்கும், நீங்களே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே யாரும் விளையாட்டுக்கு ஆஃபர் போடுவதில்லை.

வெத் என்கிறார்களே, ஈதரிலேயே ஆஃபர் போட முடியாதா?

ஈதரை உங்கள் அனுமதியின் பேரில் இன்னொரு கான்ட்ராக்ட் பின்னால் வந்து எடுத்துக்கொள்ள முடியாது, டோக்கனை (ஒரு கான்ட்ராக்ட் கணக்கு வைத்திருக்கும் நாணயம்) முடியும். ஆகவே ஈதரை ஒன்றுக்கு ஒன்று டோக்கனாக மாற்றி வைக்கிறோம். அதுதான் ராப்டு ஈதர், சுருக்கமாக வெத். வேண்டும்போது திரும்ப ஈதராக்கலாம், இரண்டு பக்கமும் கேஸ் மட்டும் செலவு. பிளர் போன்ற சந்தையில் வெத்துக்குப் பதிலாக அவர்களுடைய பூல் என்ற பொதுக் கணக்கில் ஈதரைப் போட்டு வைக்க வேண்டும். சோலானா என்ற இன்னொரு பிளாக்செயினின் சந்தைகளிலும் பணத்தை எஸ்க்ரோவில், அதாவது இடைக்காப்புக் கணக்கில், முன்னதாக வைப்பதே பழக்கம்.

எந்த வகை ஆஃபரை பாட்டிடம் கொடுக்கலாம்?

ஒரு குறிப்பிட்ட பொருளுக்கு, கலெக்ஷன் (ஒரே பெயரில் வந்த என்எஃப்டி தொகுப்பு) முழுவதற்கும், அல்லது ஒரு டிரெய்ட் (தொப்பி, பின்னணி நிறம் போன்ற அம்சம்) உள்ளவற்றுக்கு மட்டும் என்று மூன்று வகை. புதியவர்கள் நேராகக் கலெக்ஷன் ஆஃபருக்குத்தான் போவார்கள். கலெக்ஷனில் 10,000 பொருள் இருந்தால் ஒரே கையொப்பம் அத்தனைக்கும் செல்லும் என்பது கவர்ச்சியாகத்தான் இருக்கும்.

ஆனால் அதற்கு என்ன கிடைக்கும் என்று யோசியுங்கள். 10,000 பேரில் யார் தருவார்? கலெக்ஷனில் இருப்பதிலேயே மட்டமானதை வைத்திருப்பவர். ஒரு பழைய உதாரணம்: 2022 மார்ச்சில் ஏப்காயின் என்ற நாணயம் வந்தபோது, போர்டு ஏப் என்ற குரங்குப் பட என்எஃப்டி ஒவ்வொன்றுக்கும் 10,094 காயின் பெற்றுக்கொள்ளும் உரிமை இருந்தது, ஒரே ஒரு முறை. பெற்றுக்கொண்ட ஏப்பும் பெறாத ஏப்பும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஒருவர் ஃபிளாஷ் லோன் (ஒரே பரிவர்த்தனைக்குள் வாங்கித் திருப்பும் கடன்) எடுத்து, ஒரு வால்ட்டில் (பொதுப் பெட்டகத்தில்) கிடந்த ஏப்களை வெளியே எடுத்து, காயினைக் கறந்துவிட்டு ஏப்களைத் திருப்பி வைத்ததும் அப்போதுதான் நடந்தது. அந்த நாளில் கலெக்ஷன் ஆஃபர் போட்டிருந்த பாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கக்கூடியது எது என்று சொல்லத் தேவையில்லை.

என் வழக்கம் டிரெய்ட் ஆஃபர். வேலை கூடுதல், வாங்குவது என்னவென்று தெரிந்து வாங்கலாம்.

தொடங்க என்னென்ன வேண்டும்?

பாட்டுக்கென்று தனி வாலட் ஒன்று. அதில் கொஞ்சம் வெத்தும், கேஸுக்கு மட்டும் கொஞ்சம் ஈதரும். சந்தையின் ஏபிஐ (நிரல்கள் சந்தையோடு பேசும் வழி) சாவி. எத்தீரியத்தைப் படிக்க ஒரு ஆர்பிசி இணைப்பு. நின்றுபோகாமல் ஓடும் ஒரு கணினி. வாடகைக்குக் கிடைக்கும் மிகச் சிறிய சர்வரே போதும். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தால் சீபோர்ட்டுக்கான நூலகம் தயாராக இருக்கிறது, கையொப்ப வடிவத்தை நீங்கள் கட்ட வேண்டியதில்லை.

அப்ரூவல் கொடுக்கும்போது கவனம். வெத்தை எடுத்துக்கொள்ளக் கான்ட்ராக்டுக்கு அனுமதி கொடுக்கையில் வாலட் "வரம்பின்றி" என்று காட்டும். அதை மாற்றி, ஓட்டப்போகும் தொகையை மட்டும் எழுதுங்கள். பாட் பைத்தியம் பிடித்து ஓடினாலும் அந்த எண்ணைத் தாண்டி ஒரு பைசா போகாது. உங்கள் கோடில் நூறு பாதுகாப்பு எழுதலாம், அவற்றில் பிழை இருக்கலாம். இந்த ஓர் எண்ணில் பிழைக்கு இடமில்லை.

சந்தையை பாட் எப்படிப் பார்க்கிறது?

இரண்டு வழி. சில நொடிக்கொரு முறை ஏபிஐயைக் கேட்டுக்கொண்டே இருப்பது ஒன்று. நடப்பதைச் சந்தையே அனுப்ப, வெப்சாக்கெட் என்ற, திறந்தே இருக்கும் இணைப்பில் கேட்டுக்கொண்டிருப்பது மற்றொன்று. ஓபன்சீயின் ஸ்ட்ரீம் ஏபிஐ இரண்டாவது வகை: பட்டியலிடப்பட்டது, விற்றது, ஆஃபர் வந்தது, கலெக்ஷன் ஆஃபர், டிரெய்ட் ஆஃபர் என்று தனித்தனி நிகழ்வுகள் வரும்.

இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். ஸ்ட்ரீமில் செய்தி தவறலாம், முன்பின்னாக வரலாம், இணைப்பு சத்தமில்லாமல் செத்துப்போகலாம். கடைசியாகச் சொன்னதுதான் கொடுமை: பாட் ஓடுகிறது, பிழைச்செய்தி இல்லை, ஆனால் அரை மணி நேரமாக எதுவும் காதில் விழவில்லை. அதற்குள் விலை இறங்கியிருக்கும், பழைய ஆஃபர்கள் அப்படியே நிற்கும். "கடைசிச் செய்தி வந்து இத்தனை நொடி ஆகிவிட்டது என்றால் எல்லா ஆஃபரையும் எடுத்துவிடு" என்ற வரியை முதல் நாளே எழுதுங்கள். செய்திகளின் வரிசையை, அவை வந்து சேர்ந்த நேரத்தை வைத்துப் பார்க்காமல் செய்திக்குள் இருக்கும் நேரத்தை வைத்துப் பாருங்கள்.

விலையை எப்படிக் கணக்கிடுவது?

ஃப்ளோர் விலையில் (கலெக்ஷனில் விற்பனைக்கு நிற்பவற்றின் மிகக் குறைந்த விலை) இத்தனை விழுக்காடு என்று வைப்பதுதான் எல்லாருடைய முதல் சூத்திரம். சூத்திரத்தில் தப்பில்லை, ஃப்ளோரில்தான் தப்பு. ஃப்ளோர் என்பது ஒரே ஒருவர் சொல்லும் விலை. ஆள் நடமாட்டம் குறைந்த கலெக்ஷனில் கீழே கிடக்கும் நாலைந்து பொருளை ஒருவரே வாங்கிப்போட்டால் ஃப்ளோர் எகிறும். அதைப் பார்த்து உங்கள் பாட் ஆஃபரை உயர்த்தும். அவர் வேறு வாலட்டில் வைத்திருக்கும் பொருட்களை உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போவார். இதற்காகவே காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் உண்மையில் விற்ற கடைசி பத்து இருபது விலைகளின் நடுமதிப்பையும் எடுங்கள். ஃப்ளோர், நடுமதிப்பு இரண்டில் எது குறைவோ அதில் தொடங்குங்கள். ஒரே வாலட்கள் தங்களுக்குள் மாற்றிக்கொண்ட விற்பனைகளைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள்.

பிறகு பின்னோக்கிக் கணக்கிடுங்கள். திரும்ப விற்கும்போது 1.00 ஈதர் கிடைக்கும் என்று வைப்போம். சந்தைக் கட்டணமும், படைப்பாளிக்குப் போகும் ராயல்டியும் சேர்த்து 6 விழுக்காடு போனால் கைக்கு வருவது 0.94. விற்கும் வரை விலை சரியலாம், அதற்கு 0.05 ஒதுக்கினால் 0.89. கலெக்ஷனுக்கு ஒருமுறை விற்பனை அப்ரூவல், இடையில் ஓரிரு ரத்து, இவற்றின் கேஸுக்கு 0.005. மீதி 0.885. இதில் உங்களுக்கு 0.04 லாபம் வேண்டுமென்றால் உச்சவரம்பு 0.845. பாட் இதற்கு மேல் கேட்கவே கூடாது, எதிராளி 0.85 கேட்டாலும் சரி. கட்டண விகிதங்களைச் சந்தைகள் அடிக்கடி மாற்றுகின்றன, ஆகவே அந்த 6-ஐ கோடில் புதைத்துவிடாமல் வெளியே ஒரு அமைப்புக் கோப்பில் வையுங்கள்.

ஒரு சின்ன விஷயம், பெரிய சேதம்: ஈதருக்கு 18 தசம இடம். கணக்கை எல்லாம் ஈதரின் மிகச் சிறிய அலகான வெய்யில், முழு எண்ணாகச் செய்யுங்கள். தசமப் புள்ளி எண்ணில் கூட்டிக் கழித்தால் எங்கோ ஒரு இடத்தில் புள்ளி நகரும்.

என்னை இன்னொரு பாட் முந்திக்கொண்டே இருந்தால்?

உச்சவரம்பு வரை 0.001 வீதம் ஏறலாம், அதன்பின் விட்டுவிட வேண்டும். ஏறுவதைப் போலவே இறங்கவும் பாட்டுக்குத் தெரிய வேண்டும். போட்டியாளர் விலகிவிட்டால், இரண்டாவது ஆஃபரைவிட ஒரு படி மேலே இருந்தால் போதும். பெரும்பாலான பாட்கள் ஏறிய கொம்பிலேயே உட்கார்ந்திருக்கும்.

என் சொந்தக் கதை. இரண்டு வாலட்டில் இரண்டு பாட், இரண்டும் ஒரே கலெக்ஷனில். ஒரு நாள் காலை லாக்கை (பாட் எழுதிவைக்கும் நடப்புக் குறிப்பை) திறந்தால் 0.410, 0.411, 0.412, 0.413 என்று நாற்பது வரிக்கு மேல் ஒரே ஏணி. "யாரோ விடாக்கண்டன்" என்று நினைத்து எதிராளியின் முகவரியைத் தேடினேன். அது என் இரண்டாவது வாலட். இரவெல்லாம் நானே என்னை முந்தியிருக்கிறேன். இரண்டுமே உச்சவரம்பில் போய் முட்டி நின்றிருந்தன, அதற்குள் இரண்டு பேர் விற்றும்விட்டார்கள். சொந்த வாலட் பட்டியலை இரண்டு பாட்டுக்கும் கொடுத்திருந்தால் போதும், மூன்று வரி கோட். இதில் வேடிக்கைக்கு அப்பால் ஒரு விஷயமும் உண்டு: சொந்த வாலட்களுக்குள் ஆஃபர் ஏற்றுவதும் வாங்கி விற்பதும் பொய் வியாபாரமாகவே பார்க்கப்படும், கணக்கு முடக்கப்படலாம்.

1 வெத் வைத்துக்கொண்டு 20 ஆஃபர் போடலாமா?

பல சந்தைகளில் போடலாம், பணம் பூட்டப்படுவதில்லை. ஒன்று ஏற்கப்பட்டு இருப்பு குறைந்ததும் மற்றவை தானாகவே செல்லாமல் போகும். இதுதான் பாட்டுக்கு உயிர் கொடுக்கும் வசதி. ஆனால் 0.2 வீதம் 20 ஆஃபர் போட்டு, சந்தை சரியும் நிமிடத்தில் ஐந்து பேர் அடுத்தடுத்து ஏற்றால், ஐந்தும் உங்களுடையதுதான். ஆகவே "ஒரு கலெக்ஷனில் அதிகபட்சம் இரண்டு", "ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் மூன்று" என்று கொள்முதல் வரம்பு வையுங்கள். எண்ணிக்கை குறிப்பிட்டுப் போடும் கலெக்ஷன் ஆஃபரை ஒரே ஆள் முழுவதுமாக நிரப்பிவிட முடியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

போட்ட ஆஃபரை எப்படி எடுப்பது?

நான்கு வழி இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓட்டை.

முதலாவது, தானாகக் காலாவதியாக விடுவது. 15 நிமிட ஆயுள் கொடுத்து, பாட் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கலாம். பாட் செத்தாலும் கால் மணியில் எல்லாம் அடங்கும். நான் பயன்படுத்துவதும் பரிந்துரைப்பதும் இதுதான். ஏபிஐ அழைப்புகள் கூடும், அவ்வளவே. ஒரு மாத ஆயுளில் ஆஃபர் போடும் பாட்டைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இரண்டாவது, கேஸ் இல்லாத ரத்து. ஓபன்சீயில் ஆஃபர் ஏற்கப்படும்போது அவர்களுடைய சர்வரின் கையொப்பமும் தேவைப்படும் அமைப்பு உண்டு. ரத்து செய்தால் சர்வர் இனிக் கையொப்பம் தராது. ஆனால் சற்றுமுன் யாருக்காவது தந்திருந்தால் அது சிறிது நேரம் செல்லும். அது எதுவரை செல்லும் என்பதை ரத்துக்கான ஏபிஐ பதிலிலேயே சொல்கிறார்கள். பாட் அந்த நேரம் கடக்கும் வரை ஆஃபர் உயிரோடிருப்பதாகவே கணக்கு வைக்க வேண்டும்.

மூன்றாவது, செயினிலேயே ரத்து. சீபோர்ட்டில் ஒரு கவுன்டர் இருக்கிறது. அதை உயர்த்தினால் அதுவரை அந்த வாலட் போட்ட எல்லா ஆர்டரும் ஒரே பரிவர்த்தனையில் செல்லாமல் போகும். அவசரப் பொத்தான் இதுதான். எத்தீரியத்தில் 12 நொடிக்கு ஒரு பிளாக். அதற்குள் விற்பவர் அதிகக் கேஸ் கொடுத்து முந்தலாம். ரத்துப் பரிவர்த்தனை உங்கள் பீதியை ஊருக்கே அறிவிக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நான்காவது, வெத்தை எடுத்துவிடுவது. இருப்பு இல்லாவிட்டால் ஆஃபர் செல்லாது, தளத்திலும் மறைந்துவிடும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மறைந்தது சாகவில்லை. 2022 ஜனவரியில் விற்பனைப் பக்கத்தில் இதேதான் நடந்தது: ரத்துக்கான கேஸை மிச்சம்பிடிக்கப் பொருளை வேறு வாலட்டுக்கு மாற்றியவர்கள், பிற்பாடு திரும்பக் கொண்டுவந்ததும் பழைய விலைப் பட்டியல்கள் உயிர்த்தெழுந்தன. ஒரு போர்டு ஏப் 0.77 ஈதருக்குப் போனது. வாங்கியவர் அதை 80 ஈதருக்கு மேல் விற்றார். உங்கள் பழைய ஆஃபரும் அப்படித்தான், வெத் திரும்ப வந்ததும் எழுந்து நிற்கும்.

பிளரில் ஏலம் கேட்டால் பரிசுப் புள்ளி கிடைக்கிறது என்றார்களே?

2022 அக்டோபரில் வந்த பிளர், ஃப்ளோருக்கு அருகில் ஆஃபர் வைப்பவர்களுக்குப் புள்ளி கொடுத்து, அதன்பேரில் டோக்கனும் கொடுத்தது. வாங்கும் எண்ணமே இல்லாமல் புள்ளிக்காக ஆஃபர் வைத்தவர்கள் ஏராளம். 2023 பிப்ரவரியில், டோக்கன் வந்த சில நாட்களில், பெரிய கை ஒன்று இரண்டு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட என்எஃப்டிகளை அந்த ஆஃபர்களின் மேல் கொட்டியது. புள்ளி சேர்க்க வந்தவர்கள் குரங்குப் படங்களோடு வீடு திரும்பினார்கள். புள்ளி என்பது, உங்கள் ஆஃபர் ஏற்கப்படும் ஆபத்துக்குத் தரப்படும் கூலி. எந்தச் சந்தை எந்தப் பெயரில் கொடுத்தாலும் கணக்கில் அப்படியே எழுதுங்கள்.

கோட் எழுதத் தெரியாது. தயாராக விற்கும் பாட்டை வாங்கலாமா?

சீட் சொற்களை (வாலட்டை மீட்கும் ரகசியச் சொல் வரிசையை) கேட்டால் அது திருட்டு, பேச்சே இல்லை. பிரைவேட் கீயை (வாலட்டின் ரகசியச் சாவியை) தங்கள் சர்வரில் ஒட்டச் சொன்னாலும் அதே. இலவசக் கோட் என்றாலும், கையொப்பமிடும் பகுதியையும் வெளியே தகவல் அனுப்பும் பகுதியையும் விவரம் தெரிந்த ஒருவர் படித்துப் பார்த்த பிறகே ஓட்டுங்கள். எதற்குக் கையொப்பமிடுகிறோம் என்று தெரியாமல் இட்ட கையொப்பங்களால்தான் 2022 பிப்ரவரியில் ஓபன்சீ பயனர்கள் சிலர் ஃபிஷிங் என்ற ஏமாற்று வலையில் என்எஃப்டிகளை இழந்தார்கள். பாட்டோ வாசிக்காமலே நாளெல்லாம் கையொப்பமிடும் ஜீவன்.

கோட் வராது என்றால் சந்தைத் தளத்திலேயே கையால் டிரெய்ட் ஆஃபர் நாலைந்து போட்டு, குறுகிய காலாவதி வைத்துப் பழகுங்கள். அவசரம் ஒன்றுமில்லை.

பிரைவேட் கீயை எங்கே வைப்பது?

கோடுக்குள் வேண்டாம், கிட் என்ற கோட் சேமிப்பிடத்திலும் வேண்டாம். சூழல் மாறியாகவோ (கோடுக்கு வெளியே கணினியில் வைக்கும் மதிப்பு) ரகசியப் பெட்டகத்திலோ வைத்து, பாட் தொடங்கும்போது படிக்கட்டும். வாங்கிய பொருள் வந்ததும் வேறு வாலட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

429 என்று பிழை வருகிறது.

அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள் என்று ஏபிஐ சொல்கிறது. 1 நொடி, 2, 4, 8 என்று இடைவெளியை இரட்டித்து முயலுங்கள். ஒதுக்கீட்டில் ஒரு பங்கை ரத்துக்கென்றே தனியாக வைத்துவிடுங்கள். புது ஆஃபர் போட்டே அளவைத் தீர்த்துவிட்டு, ரத்து செய்ய வரிசையில் நிற்கும் பாட்டை நானே எழுதியிருக்கிறேன்.

லாபம் வருமா?

2021, 22-இல் வந்ததைப் போல வராது. வியாபாரம் வெகுவாகச் சுருங்கிவிட்டது, சந்தைகளே மூடுகின்றன. எக்ஸ்2ஒய்2 என்ற சந்தை 2025 ஏப்ரல் 30-இல் கடையைக் கட்டியது. அதற்கென்று எழுதப்பட்ட பாட்கள் மறுநாள் வெறும் கோட். வாங்குவது எளிது, விற்க ஆள் கிடைப்பதுதான் கடினம் என்ற சந்தையில், வாங்கும் வேலையை மட்டும் தானியங்கியாக்கினால் கையில் படங்கள்தான் சேரும். நாளொன்றுக்குப் பத்து விற்பனைகூட நடக்காத கலெக்ஷனில் நான் பாட் விடுவதில்லை.

முதல் இரண்டு வாரம் கையொப்பமே இடாமல் ஓட்டுங்கள். "இப்போது 0.62-க்கு ஆஃபர் போட்டிருப்பேன்" என்று லாக்கில் மட்டும் எழுதட்டும். பிறகு உண்மையான விற்பனைகளோடு ஒப்பிட்டால், எது உங்கள் மேல் விழுந்திருக்கும், அதை என்ன விலைக்குத் தள்ளியிருக்க முடியும் என்று தெரியும். என்னிடம் கேட்டவர்களில் இதைச் செய்து பார்த்துவிட்டு பாட்டே வேண்டாம் என்று விட்டவர்களும் உண்டு.

சில நாள் கணினிப் பக்கமே வர முடியாது. பாட்டை ஓடவிட்டுப் போகலாமா?

நான் விட்டுப் போவதில்லை. முதலில் பாட்டை நிறுத்துவேன். ஓடிக்கொண்டிருக்கும்போது ரத்து செய்தால் அது புதிதாகப் போட்டுவிடும். அடுத்து கவுன்டரை உயர்த்தி, அந்தப் பரிவர்த்தனை பிளாக்கில் ஏறியதைப் பார்ப்பேன். பிறகு வெத் அப்ரூவலை 0 ஆக்குவேன். கடைசியாக, சந்தைத் தளத்தில் என் வாலட்டின் ஆஃபர் பக்கத்தைத் திறந்து, பட்டியல் காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கணினியை மூடுவேன்.